பூனை நூலை முழுங்கினா பில் யாருக்கு? செல்லப்பிராணி ஆபரேஷனும் உங்க சம்பளமும்



உங்க ஆபீஸ்ல குடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க. உங்க பேர் இருக்கும். கல்யாணம் ஆகியிருந்தா மனைவி அல்லது கணவர், குழந்தைங்க பேர் இருக்கும். கொஞ்சம் நல்ல கம்பெனின்னா அப்பா அம்மா பேரும் இருக்கும். வீட்டுல நீங்க போனதும் காலைச் சுத்துதே ஒரு பூனை, அதோட பேர் இருக்காது. வருமான வரியில மெடிக்கல் இன்சூரன்ஸ் கழிவும் அதே கதைதான். உங்களுக்கு, குடும்பத்துக்கு, பெத்தவங்களுக்கு. அவ்வளவுதான்.

அதனால வீட்டுப் பிராணிக்கு ஒரு ஆபரேஷன்னு வந்தா முழுப் பில்லும் உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்லருந்துதான் போகும். போன வாரம் எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல ஆறு மாசச் செலவுன்னு கணக்கு போட்டோமே, அதுல இந்த வரியைப் பெரும்பாலானவங்க எழுதியிருக்க மாட்டீங்க. இன்னைக்கு அந்த ஒரு வரியை மட்டும் பாக்கலாம்.

முதல்ல எந்த ஆபரேஷனைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிடுறேன். எலும்பு முறிவு, மூட்டு எல்லாம் தனி. வயிறு, குடல், கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, தோல், மார்புக் கட்டி மாதிரி மென்மையான உறுப்புகள்ல செய்ற அறுவை சிகிச்சைதான் இங்க விஷயம். கருத்தடை ஆபரேஷனும் இதுலதான் வரும். வீட்டு நாய், பூனைக்கு வாழ்நாள்ல ஒரு ஆபரேஷன் வருதுன்னா பெரும்பாலும் இந்தக் கூட்டத்துலருந்துதான் வரும். இதுல சிலது நாள் குறிச்சுப் போறது. சிலது ராத்திரி பத்தரை மணிக்கு வர்றது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள பண வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

மேலப்பாளையத்து நூல்

மேலப்பாளையம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. உம்மா திண்ணையில உக்காந்து சொளவை மடியில வச்சு பீடி சுத்துவாங்க. பையன் வண்ணார்பேட்டையில ஒரு கடையில கணக்கு எழுதுறான், சம்பளம் 22,000. வீட்டுல ஒரு பூனை, வயசு ஒண்ணரை. ஒரு வெள்ளிக்கிழமை அது சாப்பிடல. ரெண்டு தடவை வாந்தி. "பல்லி கில்லி தின்னிருக்கும், சரியாயிரும்"னு உம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துகிட்டு வெளிய வரவே இல்ல. திங்கக்கிழமை டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பாத்தா, அடியில ஒரு சுத்து நூல். பீடி முனையைக் கட்டுற அதே நூல்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு கேட்டீங்கன்னா, பூனை நாக்கைத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். அந்த முள்ளெல்லாம் தொண்டைப் பக்கம் பாத்து இருக்கு. வாய்க்குள்ள ஒரு நூல் போச்சுன்னா துப்ப வராது, உள்ளதான் போகும். ஒரு முனை நாக்கு அடியிலயோ இரைப்பை வாசல்லயோ மாட்டிக்கும். மறு முனை குடலுக்குள்ள போகும். குடல் தன் வேலையைப் பாக்கும், உள்ள வந்ததைத் தள்ளிக்கிட்டே இருக்கும். நூல் நகராது. அதனால குடல்தான் நூல் மேல ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தா துணி கொசுவம் கொசுவமா சேருமே, அதே மாதிரி. அந்தக் கொசுவத்துக்குள்ள இறுகின நூல் கொஞ்சம் கொஞ்சமா குடல் சுவரை அறுக்க ஆரம்பிக்கும். ஓட்டை விழுந்தா வயிறு முழுக்க கிருமி.

இப்ப பணக் கணக்குக்கு வாங்க. சீக்கிரம் போனா குடல் இன்னும் கெட்டிருக்காது. ஒண்ணு ரெண்டு இடத்துல சின்னதா கீறி நூலை எடுத்துட்டு தைச்சுடலாம். லேட்டானா கெட்டுப் போன பகுதியை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். ஆபரேஷன் நேரம் கூடும், மயக்க மருந்து கூடும், தையல் நூல் கூடும். அதுக்கப்புறம் தைச்ச இடம் பிரிஞ்சு கசியுமான்னு பயப்பட வேண்டிய நாட்கள் இருக்கு, குறிப்பா மூணாம் நாள்லருந்து அஞ்சாம் நாள் வரைக்கும். அதுவரை டிரிப்ஸ், அட்மிஷன். அதாவது ஒவ்வொரு நாள் தாமதமும் பில்லுல ஒரு வரியைச் சேக்குது. அந்தப் பையனுக்கு பில் அரை மாசச் சம்பளத்தைத் தாண்டிடுச்சு. பூனை பிழைச்சிடுச்சு. அவன் வண்டிக்குக் கட்ட வேண்டிய இஎம்ஐ அந்த மாசம் பவுன்ஸ்.

நெல்லையில பீடி சுத்துற வீடு, தையல் மிஷின் உள்ள வீடு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். பெருநாளுக்கு முன்னாடி தையல் வேலை குவியுற மாசத்துல தரையெல்லாம் நூல்தான். ஒரு மூடி போட்ட டப்பா 50 ரூபாய் இருக்குமா? இந்தக் கட்டுரையிலயே ரொம்ப லாபமான முதலீடு அதுதான், சிரிக்காதீங்க.

மூணு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்குங்க. வாயிலயோ பின்பக்கமோ நூல் தொங்குறது தெரிஞ்சா இழுக்கவே இழுக்காதீங்க, உள்ள குடலை அறுத்துடும். விளக்கெண்ணெய் குடுத்து "வெளிய வந்துரும்"னு காத்திருக்காதீங்க. வலிக்குதேன்னு நம்ம பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் குடுக்காதீங்க. அது பூனைக்கு விஷம், சின்ன அளவே உயிரை எடுத்துடும்.

நாள் குறிச்சுப் போறது நல்லதா, நாள் குறிக்காம வர்றதா?

நூல் கதை எப்ப வரும்னு தெரியாது. ஆனா இன்னொன்னு இருக்கு, வர வாய்ப்பு இருக்குன்னு முன்னாடியே தெரியும். பெண் நாய்க்கு வர்ற கர்ப்பப்பை சீழ்.

ஸ்வீடன் நாட்டுல பெரும்பாலான வளர்ப்பு நாய்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அங்க 1924லயே நாய்க்கு பாலிசி போட்டிருக்காங்க! அதனால எந்த வயசுல எந்த நோய்க்கு எத்தனை நாய்க்கு கிளெய்ம் வந்துச்சுங்கற கணக்கு அவங்ககிட்ட பக்காவா இருக்கு. அந்த இன்சூரன்ஸ் பதிவுகளை வச்சு ஆராய்ச்சியாளர்கள் பாத்ததுல, கருத்தடை செய்யாத பெண் நாய்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு பத்து வயசுக்குள்ள இந்தச் சீழ் நோய் வருதுன்னு தெரிஞ்சது. இனத்துக்கு இனம் மாறும், ஆனா சராசரி அதுதான். நாலுல ஒண்ணு! இந்த ரிஸ்க் உங்க வண்டிக்கு இருந்தா இன்சூரன்ஸ் இல்லாம தெருவுல இறக்குவீங்களா?

சூட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு மாசத்துல நாய் தண்ணியா குடிக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், சாப்பாட்டை ஒதுக்கும். பின்பக்கம் சீழ் வடிஞ்சா நல்லவேளை, கண்ணுல பட்டுடும். கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டா ஒண்ணுமே வெளிய தெரியாது, வயிறு மட்டும் வீங்கும். அது இன்னும் ஆபத்து. தீர்வு ரெண்டுலயும் பெரும்பாலும் ஒண்ணுதான்: கர்ப்பப்பையை எடுக்கணும்.

இங்கதான் கவனிங்க. கருத்தடை ஆபரேஷன்லயும் எடுக்கிறது கிட்டத்தட்ட அதே உறுப்பைத்தான். ஒரு தடவை ஆரோக்கியமான உடம்புல, நீங்க லீவு போட்ட நாள்ல, சின்னக் கர்ப்பப்பையை எடுக்கிறாங்க. இன்னொரு தடவை காய்ச்சல்ல கிடக்கிற நாய்க்கு, கிட்னி தாங்குமான்னு டெஸ்ட் எடுத்து, டிரிப்ஸ் ஏத்தி, சீழ் நிறைஞ்சு வீங்கின பை உடையாம எடுக்கிறாங்க. உறுப்பு ஒண்ணு, பில் ரெண்டு மாதிரி.

மார்புக் கட்டியும் இதே கணக்குதான். முதல் சூட்டுக்கு முன்னாடி கருத்தடை செஞ்ச நாய்க்கு மார்புக் கட்டி வர்ற ரிஸ்க், செய்யாத நாயோட ரிஸ்க்குல வெறும் 0.5 சதவீதம்னு 1969ல வந்த ஒரு பழைய ஆய்வு சொல்லுது. ஒரு சூட்டுக்கு அப்புறம் செஞ்சா 8, ரெண்டுக்கு அப்புறம் 26. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு பின்னாடி வந்தவங்க கேள்வி கேட்டிருக்காங்க, அது நியாயம்தான். பெரிய இன நாய்களுக்கு மூட்டு வளர்ச்சியைப் பாத்து கொஞ்சம் தள்ளிச் செய்யச் சொல்ற டாக்டர்களும் உண்டு. அதனால எந்த மாசம்னு உங்க டாக்டரைக் கேளுங்க. பூனைன்னா பொதுவா நாலுலருந்து ஆறு மாசத்துக்குள்ள. பூனைக்கு மார்புல கட்டி வந்தா பத்துல எட்டுக்கு மேல புற்றுநோயாதான் இருக்கும், அதுல "அப்புறம் பாக்கலாம்"கற பேச்சே வேண்டாம்.

சூட்டைத் தள்ளிப் போட ஒரு ஊசி இருக்கு, சீப்பா முடிஞ்சிடும்னு யாராவது சொல்வாங்க. அந்த ஹார்மோன் ஊசியே கர்ப்பப்பை சீழுக்கு வழி வைக்கும். இன்னைக்கு மிச்சம் பண்ற சில நூறு ரூபாய், பின்னாடி ஆயிரக்கணக்குல வந்து நிக்கும்.

ஆத்தைத் தாண்டினா ராமையன்பட்டி

பலருக்கு இது தெரியாது. தெரிஞ்சவங்களும் "அது மாட்டு ஆஸ்பத்திரி"ன்னு விட்டுடுறாங்க. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி 2012லருந்து ராமையன்பட்டியில இயங்குது. அங்க உள்ள சிகிச்சை வளாகத்துல நாய், பூனையும் பாக்குறாங்க, அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு. மேலப்பாளையத்துலருந்து போறவங்க கொக்கிரகுளம் வந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி, சங்கரன்கோவில் ரோட்டைப் பிடிக்கணும். 1843ல கட்டின பாலம், இன்னும் நம்மளைச் சுமக்குது, அது வேற கதை.

அரசுக் கல்லூரிங்கறதால கட்டணம் தனியார் கிளினிக்கை விடக் குறைவா இருக்கும். ஆனா இலவசம்னு நினைச்சுப் போகாதீங்க. சில மருந்து வெளிய வாங்கச் சொல்லலாம், டெஸ்டுக்குத் தனிக் கட்டணம் இருக்கும், வரிசையில நிக்கணும், அதுக்கு உங்க லீவுல ஒரு நாள் போகும். ஆட்டோ போக வர வாடகையையும் கணக்குல சேருங்க, பூனைக் கூடையோட பஸ்ல ஏறினா கண்டக்டர் முகத்தைப் பாக்கணும். என் கருத்து இதுதான்: நாள் குறிச்சுச் செய்ற ஆபரேஷனுக்குக் கல்லூரி நல்ல இடம். ராத்திரி அவசரத்துக்கு வீட்டுக்குப் பக்கத்துல யார் போனை எடுப்பாங்கன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கணும். கல்லூரியில எந்த நேரம் பாக்குறாங்கன்னு போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. 1962ங்கற நம்பர் கால்நடை ஆம்புலன்ஸுக்கு. ஆனா அது முக்கியமா விவசாயிகளோட ஆடு மாடுகளுக்காக ஓடுறது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சந்தையில ஆட்டுக்கு விலை இருக்கு, உங்க பூனைக்கு?

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? பக்ரீத்துக்கு முந்தின வாரம்னா காலை வைக்க இடம் இருக்காது. அங்க நிக்கிற ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஆடு நோய்ல படுத்தா வளக்கிறவர் மனசுல ஒரு கணக்கு ஓடும்: ஆட்டோட விலை இவ்வளவு, வைத்தியம் அதுக்கு மேல போச்சுன்னா கட்டுபடியாகாது. கொடுமையா தோணலாம், ஆனா அவருக்கு ஒரு எல்லை இருக்கு.

உங்க பூனை பெரும்பாலும் தெருவுலருந்து தானா வந்தது. வாங்கின விலை பூஜ்யம். விக்கவும் போறதில்ல. அதனால எல்லையே இல்ல. எல்லை இல்லாத செலவைத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு, டேபிள் மேல அது மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போது, அழுதுக்கிட்டே முடிவு பண்ண வேண்டியிருக்கு. அந்த நேரத்துல யாராலயும் சரியா யோசிக்க முடியாது.

அதனால ஒரு சாதாரண நாள்ல, டீ குடிச்சுக்கிட்டு, வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசுங்க. கடன் வாங்காம எவ்வளவு வரைக்கும் போவோம்? கடன் வாங்கினா எவ்வளவு வரைக்கும்? இதுல வயசும் பிழைக்கிற வாய்ப்பும் சேரணும். ஒண்ணரை வயசுப் பூனைக்குக் குடல்ல நூல்னா எடுத்துட்டா இன்னும் பத்து வருஷம் கூட இருக்கும், அதுக்கு எல்லையைக் கொஞ்சம் தூக்கலாம். பதிமூணு வயசு நாய்க்கு மார்புக் கட்டின்னா கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுங்க. நுரையீரலுக்குப் பரவியிருந்தா பெரிய ஆபரேஷன் அதுக்கு வலியைத்தான் குடுக்கும். அந்த எக்ஸ்ரேயோட காசு வீண் இல்ல, பெரிய பில்லையும் பெரிய வேதனையையும் தடுக்கிற காசு. வலி இல்லாம பாத்துக்கிறதும் டாக்டர் சொல்ற ஒரு வழிதான். அதைத் தேர்ந்தெடுத்தா நீங்க கஞ்சம்னு அர்த்தம் இல்ல.

டாக்டர்கிட்ட எஸ்டிமேட் கேக்கக் கூச்சப்படாதீங்க. "சார், எல்லாம் நல்லபடியா போனா எவ்வளவு, சிக்கலானா எவ்வளவு?"ன்னு ரெண்டு நம்பரா கேளுங்க. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், அட்மிஷன் நாட்கள், வீட்டுல குடுக்கிற மருந்து, கழுத்துல மாட்டுற கூம்பு, பத்துலருந்து பதினாலு நாள்ல தையல் பிரிக்கிறது, இதெல்லாம் அந்தத் தொகைக்குள்ளயா வெளியவான்னு கேளுங்க. நிறைய பேர் ஆபரேஷன் சார்ஜை மட்டும் காதுல வாங்கிட்டு வந்துடுவாங்க, பாதி பில் அதுக்கு வெளிய இருக்கும்.

பணம் எங்க வைக்கிறது?

ஒரு குட்டி வீட்டுக்கு வந்த மாசமே மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்க. பூனைன்னா நாலஞ்சு மாசத்துல கருத்தடைக்கு நேரம் வரும், சேந்த பணத்தைத் தயங்காம அதுக்கே எடுங்க. அதுக்குத்தான் சேத்தது. அப்புறம் திரும்ப ஆரம்பிங்க. ரெண்டு வருஷத்துல 24,000, மேல கொஞ்சம் வட்டி. அதுல 10,000 ரூபாயாவது யு.பி.ஐ.ல உடனே அனுப்புற மாதிரி சேவிங்ஸ்ல இருக்கட்டும். லிக்விட் ஃபண்ட்ல வச்சா, உடனடி ரிடெம்ப்ஷன் வசதி உள்ள ஃபண்டான்னு பாருங்க. அதுல ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது உங்க தொகையில 90 சதவீதம், எது குறைவோ அதை உடனே எடுக்கலாம். இந்தப் பணத்தை ஷேர் மார்க்கெட்ல போடாதீங்க. பூனை நூல் முழுங்குற அன்னைக்கு நிஃப்டி ஏறியிருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

சேமிப்பு இல்லாம கிரெடிட் கார்டைத் தேய்ச்சா என்ன ஆகும்? 30,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 3.5 சதவீத வட்டின்னா ஒரு மாசத்துக்கே 1,050 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 189 ரூபாய். மொத்தம் 1,239. ஆர்.டி.க்கு மாசம் போட முடியலன்னு சொன்ன அந்த 1,000 ரூபாயை விட அதிகம், அசல்ல ஒரு பைசா குறையல. கார்டைத்தான் தேய்க்கணும்னு நிலைமை வந்தா, அடுத்த நாளே பேங்க்ல பேசி அதை இஎம்ஐ ஆக்கிடுங்க, வட்டி ஓரளவு இறங்கும். லோன் ஆப் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க.

இன்சூரன்ஸ்? நம்ம ஊர்ல இருக்கு. பஜாஜ் அலையன்ஸ் 2020ல நாய்களுக்குன்னு ஒரு பாலிசி கொண்டு வந்தாங்க, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்லயும் நாய்க்கு உண்டு. எடுக்கிறதுக்கு முன்னாடி பாலிசி பேப்பர்ல இதைத் தேடுங்க: எந்த வயசுக்குள்ள சேக்கணும், எத்தனை நாள் காத்திருப்பு, ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் கிடைக்குமா, ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு உண்டா, தடுப்பூசி அட்டை கேப்பாங்களா, பூனையைச் சேப்பாங்களா. கருத்தடைச் செலவு பொதுவா கிடைக்காது, அது நோய் இல்லைங்கறது அவங்க வாதம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு இனம் வச்சிருக்கிறவங்க அந்த இனம் பாலிசியில எந்தப் பிரிவுல வருதுன்னும் கேட்டுக்குங்க. என்னைக் கேட்டா, பெரிய நாய், விலை குடுத்து வாங்கினது, பெரிய பில் வந்தா குடும்பமே ஆடிப் போகும்னா இன்சூரன்ஸ் எடுங்க. தெருவுலருந்து வந்த பூனைக்கு ஆர்.டி. போதும்.

பில் கைக்கு வந்ததும் கடைசியா ஒண்ணு பாருங்க. கால்நடை கிளினிக்ல பிராணிகளுக்குக் குடுக்கிற சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு. கடையில தனியா வாங்குற மருந்து, டின் சாப்பாடு, கழுத்துப் பட்டைக்கெல்லாம் வரி உண்டு, அது சரி. ஆனா ஆபரேஷன் சார்ஜ்னு எழுதின வரிக்கு நேரா ஜி.எஸ்.டி. போட்டிருந்தா, என்ன கணக்குன்னு கவுண்டர்லயே மரியாதையா கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.